குடைக்கடையின் இருபத்துநான்கு பெட்டிகள்

அன்று கடையில் இருந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். கல்லாவில் முதலாளி அண்ணாச்சி. தரையில் கோணிச்சாக்கு விரித்து, மடியில் ஒரு குடையோடு மேஸ்திரி. பெஞ்சில் ஒரு போலீஸ்காரர். உடுப்பில் இல்லை, வேட்டி சட்டைதான். அவருக்குப் பக்கத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு பேர்; தலையில் எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. வாசலில் ஒரு நடுத்தர வயது அம்மாள். அவளுக்குப் பின்னால், தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒதுங்கி நின்ற அவள் மகள். எட்டாவது நான்.

அன்றைக்கு என் மானம் போனதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பல வருஷம் மனசுக்குள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். என்னைக் கழித்தால் ஏழு. ஒருநாளும் ஆறு ஆனதில்லை.

கடை தென்காசியில், பெரிய கோயிலுக்கு எதிர்க் கடை வரிசையில் இருந்தது. குடை பழுது பார்க்கும் கடை. புதுக் குடையும் நாலைந்து தொங்கும், ஆனால் அதை யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை. எங்களுக்குச் சோறு போட்டது கோயில் வாசல் காற்று. ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரலோடு இறங்கி வரும் காற்று மொட்டைக் கோபுரத்து வாசலுக்குள் புகுந்து வெளியே வரும்போது, அங்கே குடை பிடித்து நிற்பவன் கையில் குடை இருக்காது, தலைகீழான ஒரு கரண்டி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு நேராக எதிரே எங்கள் கடைக்கு வந்துவிடுவான். "சாமி குடுக்காரு, நாம வாங்கிக்கிடுதோம்" என்பார் அண்ணாச்சி. குற்றாலத்துக்கு வரும் வெளியூர்க்காரர்கள் குடைகளும் சீசனில் எங்களிடம்தான் வரும்.

நான் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன். எனக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வரும், பரீட்சை முடிந்த மறுநாள் போய்விடும். இரண்டு வருஷம் இப்படி. மூன்றாம் வருஷம் அக்காவின் வீட்டுக்காரர் சொன்னார்: "இவனப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புததவிட ஆசுபத்திரியில சேத்துரலாம். அங்கனயாவது காய்ச்சலுக்கு மார்க்குப் போடுவான்." அதற்குப் பிறகு அங்கே இங்கே என்று வேலை பார்த்துவிட்டு, இருபத்தொரு வயதில் இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். எனக்குக் கவலைப்படத் தனியாக விஷயம் வேண்டியதில்லை. மழை பெய்தால் கூட்டம் வந்துவிடுமே என்று கவலை. பெய்யாவிட்டால் சம்பளம் வருமா என்று கவலை. லேசாகத் தூறினால் எந்தக் கவலையைப் படுவது என்று தெரியாமல் ஒரு கவலை.

கடையில் என் வேலை, குடையை வாங்கிவைப்பதும் திருப்பிக் கொடுப்பதும். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? உலகத்தில் உள்ள எல்லாக் குடையும் கறுப்பு. சீசனில் ஒரே சமயம் நூற்றைம்பது கறுப்புக் குடைகள் மூலையில் சாய்ந்து நிற்கும், துஷ்டி கேட்க இழவு வீட்டுக்கு வந்த கூட்டம்போல.

நான் சேர்ந்தபோது ஒரு நீள நோட்டுத்தான் இருந்தது. யார் முதலில் வந்தாரோ அவர் பெயர் முதலில். மேஸ்திரி அந்த வரிசைப்படி வேலையை எடுப்பார். வரிசைக்கு அது போதும். ஆனால் ஒருவர் வந்து, "என் குடை என்னாச்சுவே?" என்று கேட்டால் நான் முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்ட வேண்டும். நாலு பக்கம் ஓட்டுவதற்குள் பின்னால் நிற்பவர், "என்னவே, கடன் பத்திரமா வாசிக்கீரு?" என்பார். வரி தப்பும், மறுபடி முதலிலிருந்து.

சரி என்று அடுத்த சீசனில் எழுத்து வாரியாகப் பக்கம் பிரித்து ஒரு நோட்டுப் போட்டேன். அ-வுக்கு ஒரு பக்கம், க-வுக்கு ஒரு பக்கம். பெயரைச் சொன்னதும் சட்டென்று எடுத்துவிடலாம். இரண்டு நாள் ராஜா மாதிரி இருந்தேன். மூன்றாம் நாள் மேஸ்திரி, "அடுத்தது யாரு?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது, யார் முதலில் வந்தார் என்பது அந்த நோட்டில் எங்கேயுமே இல்லை. மேஸ்திரி கைக்கு அகப்பட்ட குடையை எடுத்தார். அன்று சாயந்திரம் செங்கோட்டை மர வியாபாரி ஒருவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்: "எனக்குப் பொறவு வந்தவன் குடைய விரிச்சுக்கிட்டு என் முன்னாலயே போறான்! நான் நனைஞ்சுக்கிட்டு வேடிக்கை பாக்கணுமோ?"

எங்கள் பக்கத்தில் குடை நாலு நாள் தாமதமானால் பொறுப்பார்கள். வரிசை தப்பினால் மூன்று தலைமுறைக்குப் பேச மாட்டார்கள்.

ஆக, பெயரைச் சொன்னதும் ஆள் கிடைக்க வேண்டும். அதே சமயம் யாருக்கு அடுத்து யார் என்பதும் கெடக் கூடாது. நடுவில் ஒருவர் கோபித்துக்கொண்டு குடையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாலும் வரிசை அறுந்துவிடக் கூடாது. இரண்டு நோட்டும் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்தேன். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் அடிக்க மறந்துவிடுவேன். பிறகு எது சரி என்ற கவலையில் இரண்டையும் நம்ப மாட்டேன்.

அந்தச் சமயத்தில் பக்கத்து நாட்டு மருந்துக் கடையை மூடினார்கள். அங்கே இருந்த அலமாரியை அண்ணாச்சி சல்லிசாக வாங்கினார். நாலு வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் இருபத்துநான்கு சின்னப் பெட்டிகள். நான் பெட்டிக்கு ஒரு எழுத்து எழுதி ஒட்டினேன். குடைக்கு ஒரு சீட்டு; சீட்டு அந்தப் பெயரின் முதல் எழுத்துப் பெட்டிக்குள் போகும். பெயர் விஷயம் தீர்ந்தது. சீட்டுகளில் சுக்கும் திப்பிலியும் மணக்கும், வாங்கிப் பார்ப்பவர்கள் தும்முவார்கள், அது வேறு. ஞ பெட்டிக்கு ஆளே வராததால் மேஸ்திரி அதில் தன் வெற்றிலையை வைத்துக்கொண்டார்.

வரிசைக்கு முதலில் நூல் போட்டுப் பார்த்தேன். நிஜ நூல்தான், குடை தைக்கிற கறுப்பு நூல். முதலில் வந்தவரின் சீட்டில் ஓட்டை போட்டு நூலைக் கட்டி, அதை இரண்டாவது ஆள் இருக்கும் பெட்டிக்கு இழுத்து அவர் சீட்டில் கட்டி, அங்கிருந்து மூன்றாவது ஆளுக்கு. நூலைப் பிடித்துக்கொண்டே போனால் வந்த வரிசை தெரியும். நடுவில் ஒருவர் விலகினால் இரண்டு பக்கமும் அறுத்து, மிச்ச முனைகளை முடிந்துவிடலாம். நினைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. நாலாம் நாள் அலமாரி முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடி, கையை உள்ளே விட வழியில்லை. கொல்லத்துப் பக்கத்து மலையாளியான மேஸ்திரி நின்று பார்த்தார்.

"எந்தாடோ இது? குடைக்கடையோ, மீன் வலையோ?"

"வரிசை, மேஸ்திரி."

"வரிசையில ஒரு ஈ குடுங்ஙியிட்டுண்டு, நோக்கு."

நிஜமாகவே ஓர் ஈ மாட்டியிருந்தது. அதை எடுக்கப்போய் நூலைச் சுண்டினேன். பதினேழு பேர் ஒரேயடியாகத் தரையில் விழுந்தார்கள்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் குற்றாலத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் குடையைக் கொடுத்துவிட்டு, பெரிய அருவிக்கு முன்னால் குளிக்க நிற்கிற வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர் தேங்காய்ப்பூத் துண்டை மறந்துவிட்டு வந்திருக்கிறார். முன்னால் இருந்தவர் தோளைத் தொட்டு, "நான் உங்களுக்குப் பின்னால, பாத்துக்கிடுங்க" என்றார். பின்னால் இருந்தவரிடம், "நான் உங்களுக்கு முன்னால" என்றார். போய்விட்டார். திரும்பி வந்து அந்த இரண்டு பேருக்கும் நடுவில் சரியாகப் போய் நின்றார். நூலுமில்லை, நம்பருமில்லை. ஒவ்வொருவருக்கும் தன் முன்னால் யார், பின்னால் யார் என்பது மட்டும் தெரிந்தால் போதும். மொத்த வரிசையும் யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

ஓட்டமாகப் பஸ் பிடித்து வந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டிலும் பெயர், ஊர், பழுது, கூலி என்பதற்கு மேலே பென்சிலால் ஒரு வரி: "முன்னால்: இன்னார்." கீழே ஒரு வரி: "பின்னால்: இன்னார்." நடுவில் ஒருவர் விலகினால் அவருக்கு முன்னால் இருந்தவர் சீட்டிலும் பின்னால் இருந்தவர் சீட்டிலும் அழித்து எழுதினால் முடிந்தது. மற்ற நூற்றைம்பது பேரைத் தொடவேண்டாம். வரிசையின் முதல் ஆள் பெயரையும் கடைசி ஆள் பெயரையும் ஒரு சிலேட்டில் எழுதி வாசலில் மாட்டினேன். முதலில் 'தலை', 'வால்' என்றுதான் எழுதினேன். வால் என்பதற்கு நேரே தன் பெயரைப் பார்த்த ஒரு வாத்தியார் குடையையே திருப்பிக் கேட்டார். பிறகு 'முதல்', 'கடைசி' என்று மாற்றினேன்.

ஒரு விதியும் வைத்தேன். மேஸ்திரி ஒரு குடையைக் கையில் எடுத்துவிட்டால் அந்த ஆள் வரிசையில் இல்லை. அவர் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேஸ்திரி தலைக்கு மேலே சுவரில் இருக்கும் ஆணியில் குத்திவிட்டு, அவருக்கு முன்னால் பின்னால் இருந்தவர்களை ஒருவருக்கொருவர் அடுத்தவர் ஆக்கிவிட வேண்டும். கூலி கொடுத்துக் குடையை வாங்கிப் போனதும் சீட்டு ஆணியிலிருந்து கழியும். இந்த ஆணியை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

இரண்டு சீசன் அந்த முறை பிசகில்லாமல் ஓடியது. ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. தினமும் கடை திறந்ததும் சிலேட்டில் உள்ள முதல் ஆளில் தொடங்கி, சீட்டுச் சீட்டாகப் 'பின்னால்' பார்த்துக்கொண்டு கடைசி ஆள் வரை போவேன். பிறகு கடைசி ஆளிலிருந்து 'முன்னால்' பார்த்துக்கொண்டு திரும்பி வருவேன். "ஏலே, கோயில் பிரகாரமா சுத்துத? உண்டக்கட்டி ஏதும் கிடைக்குமா?" என்பார் அண்ணாச்சி.

மூன்றாம் சீசனில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். குத்துக்கல்வலசையில் ஒரு விவசாயக் குடும்பம். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து பெண்ணின் அப்பா பெயரைச் சொன்னாள், எத்தனை மரக்கால் விதைப்பாடு நிலம் என்று சொன்னாள், பெண்ணின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டாள். பெண் வீட்டார் ஒரே ஒரு விஷயம் கேட்டார்களாம்: மாப்பிள்ளை அந்தக் கடையில் என்னவாக இருக்கிறான்?

அது எனக்கே தெரியாது. தயங்கித் தயங்கி அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"இந்த சீசன் முடியுத வரைக்கும் வரிசையினால ஒரு சண்டை வரக் கூடாது. வரலைன்னா, வந்து கேக்கவங்ககிட்ட கணக்கப்பிள்ளைன்னு சொல்லுதேன். வந்துச்சுன்னா, குடை எடுத்துக்குடுக்க ஆளுன்னு சொல்லுவேன். ரெண்டும் பொய்யில்லல்லா?"

கணக்கப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பார்கள். குடை எடுத்துக் கொடுக்கிறவனுக்குக் குடைதான் கொடுப்பார்கள். அன்றிலிருந்து சீட்டுகளைப் பகலில் மூன்று தடவை சுற்றினேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஆடி பிறந்து ஒரு வாரம். காலையிலிருந்து சாரல். போலீஸ்காரருடைய குடைக்குப் பிடி உடைந்திருந்தது. அந்த மாதிரிப் பிடி செங்கோட்டையிலிருந்து வர வேண்டும், வரவில்லை. அதனால் நாலு நாளாக வரிசையில் முதல் ஆளாக அவர்தான் நின்றுகொண்டிருந்தார். பிடி வந்துவிட்டதா என்று கேட்க வந்தவர், மழைக்கு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிடிக்குக் காத்திருக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று மேஸ்திரி அவருக்கு அடுத்த குடையை எடுத்து இரண்டு கம்பி மாற்றி முடித்திருந்தார். நான் விதிப்படி அந்தச் சீட்டை ஆணியில் குத்தி, முன்னாலும் பின்னாலும் திருத்தி எழுதிவிட்டேன். மேஸ்திரி மடியில் குடை தயாராக இருக்கும்போதுதான் அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றாள். மழைக்குத் தலையில் கவிழ்த்திருந்த ஓலைக் கொழுவை இறக்கி ஓரமாகச் சாய்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு குடை குடுத்திருந்தாரு. ஆயிட்டுதா?"

"பேரு சொல்லுங்க யக்கா."

"யாரு பேரு?"

"குடைக்காரரு பேரு."

"அதான் சொன்னேம்லா, எங்க வீட்டுக்காரருன்னு."

"சரிக்கா, அவரு பேரு என்ன?"

அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பெஞ்சிலிருந்து போலீஸ்காரர் சிரித்தார். "ஏவே, பொம்பளைகிட்டப் போயி புருசன் பேரக் கேக்கீரே, வெளங்குமா?"

இதற்கு முன்னும் பெண்கள் வந்திருக்கிறார்கள். கூட வரும் பிள்ளை பெயரைச் சொல்லிவிடும். அல்லது ஊரையும் தெருவையும் சொல்வார்கள், நான் கண்டுபிடித்துவிடுவேன்.

"எந்த ஊருக்கா?"

"இங்கன பக்கந்தான்."

"பக்கம்னா?"

"பக்கம்னா பக்கந்தான். தூரமில்ல."

பின்னால் நின்ற மகள், "அப்பா பேர நான் சொல்லட்டாம்மா?" என்றாள்.

"ஏட்டி, நீ சும்மா நில்லு."

எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கவலைப்படுகிறவனுக்குச் சந்தேகப்பட நேரம் இருப்பதில்லை. மதுரைக்காரர்கள் இருவரும் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் கையை நீட்டிக் கடைக்குள் எங்கேயோ காட்டினாள். ஏதோ சாமி இருக்கும் திசையைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

"சாமி பேராக்கா?"

"சாமி பேருதான். மயில்மேல வருவாரே, அவரு பேரு."

மயில்மேல் வருகிறவருக்கு எங்கள் ஊரில் ஒரு பெயரா, இரண்டு பெயரா? ஆ பெட்டி, க பெட்டி, ச பெட்டி, ப பெட்டி, ம பெட்டி, வ பெட்டி. ஆறையும் உருவி மேசைமேல் வைத்தேன். தென்காசி தாலுகாவில் பாதிப்பேர் அந்த ஆறு பெட்டிக்குள்தான் இருந்தார்கள். ஒவ்வொரு சீட்டாக எடுத்து உரக்க வாசித்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள்.

"இல்ல."

"இது?"

"அதுவுமில்ல."

"இது?"

"ஐய, அது எங்க கொழுந்தனாரு பேரு."

மதுரைக்காரர்களில் ஒருவர் மற்றவரிடம், "ஆறு முகத்துக்கு ஆறு பெட்டியோட விட்டாங்கப்பா. பன்னண்டு கைக்கும் பெட்டி வச்சிருந்தா நாம நாளைக்குத்தான் ஊர் போகணும்" என்றார்.

அந்த அம்மாள் இன்னொரு தடவை உள்ளே கையைக் காட்டினாள். "தம்பி, அந்தா…"

"இருங்கக்கா. பேரு தெரியாம நான் ஒரு குடையையும் தொடமாட்டேன். நாளைக்கு வேற ஒருத்தரு வந்து என் குடை எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"இன்னும் நாலு சீட்டோட நிறுத்துலே" என்றார் அண்ணாச்சி. நாற்பது தாண்டியிருந்தது. ஒன்றும் அகப்படவில்லை. சீட்டு எப்படிப் போகும்? காலையில்தானே இரண்டு தடவை சுற்றினேன்?

அப்போது அவளே ஒரு வழி சொன்னாள். "அன்னைக்கு எங்க அண்ணங்கூடத்தான் வந்தாரு. அவரு குடுத்தாரு, அவருக்கு அடுத்தாப்புல எங்க அண்ணன் குடுத்தான். எங்க அண்ணன் பேர வேணும்னாச் சொல்லுதேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்குத்தானே இத்தனை பாடுபட்டேன்! அண்ணன் பெயரை வாங்கினேன், அவர் சீட்டை எடுத்தேன். அதில் "முன்னால்" என்று இருக்கும் வரியில் அந்த வீட்டுக்காரர் பெயர் இருந்தே தீர வேண்டும். கூட்டத்தைப் பார்த்தேன். அண்ணாச்சியைப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "யக்கா, நீங்க சொல்ல வேண்டாம். உங்க வீட்டுக்காரரு பேர நானே சொல்லுதேன்" என்று அந்த வரியை ஊருக்கே கேட்கும்படி வாசித்தேன்.

பெஞ்சிலிருந்து போலீஸ்காரர் துள்ளி எழுந்தார்.

"ஏவே! அது என் பேருவே!"

என் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கித் தானே ஒரு தடவை வாசித்துப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் கலியாணமே ஆவல! ஆலங்குளத்துல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க. இது வெளிய போச்சுன்னா எவன்வே எனக்குப் பொண்ணு குடுப்பான்?"

"அடப் பாவி!" என்றாள் அந்த அம்மாள். "யாரப் பாத்து யாரு புருசன்னு சொல்லுத? நீ நல்லா இருப்பியாலே?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "யக்கா, சீட்டுல அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. போலீஸ்காரர் மேசையை ஒரு தட்டுத் தட்டினார். ஆறு பெட்டியும் ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தன. மதுரைக்காரர்கள் பஸ்ஸை மறந்துவிட்டு இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சீசன் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. என் கல்யாணம் அந்தத் தட்டோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மாளை ஒதுக்கிக்கொண்டு மகள் முன்னால் வந்தாள்.

"எவ்வளவு நேரம்மா! பேரச் சொன்னா அப்பாவுக்கு என்ன, தேஞ்சா போயிருவாரு?" என்றவள், நேராக என்னைப் பார்த்து அவள் அப்பாவின் பெயரைச் சொன்னாள்.

என் கை பழக்கத்தில் ச பெட்டிக்குப் போனது. "அந்தப் பேருல சீட்டு ஒண்ணும் இல்லையே" என்று வாய் பழக்கத்தில் சொன்னது. அதற்குப் பிறகுதான் காது கேட்டது. அந்தப் பெயரை எனக்குத் தெரியும். பத்து நாளைக்கு முன்னால் அக்கா சொன்ன பெயர். குத்துக்கல்வலசை. இத்தனை மரக்கால் விதைப்பாடு. பெண்ணின் அப்பா.

ச பெட்டிச் சீட்டுகளை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன்.

மேஸ்திரி வெற்றிலையை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எடோ, ஆணியில நோக்கிக்கூடே?"

ஆணியில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. நானே காலையில் குத்தியது. அந்தப் பெயர்தான்; தினமும் மூன்று தடவை அதைத் தொட்டும், சீட்டில் இருந்தவரை எனக்கு அது ஆளாகத் தெரியவில்லை, வெறும் வரிசையாகத்தான் தெரிந்தது. மேஸ்திரி கையில் எடுத்துவிட்டதால் அவரை வரிசையிலிருந்து நானே விலக்கி, மச்சினர் சீட்டில் அவருக்கு முன்னால் இருந்த போலீஸ்காரர் பெயரை நானே எழுதியிருந்தேன். சீட்டு சரி, வரிசை சரி, நான் செய்ததெல்லாம் சரி. புருஷன்தான் மாறிவிட்டார்.

"நான் வந்ததுல இருந்து அந்தக் குடையத்தான கைய நீட்டிக் காட்டுதேன்!" என்றாள் அந்த அம்மாள், அண்ணாச்சியைப் பார்த்து. "பிடியில எங்க மாட்டுக் கயிறு சுத்தியிருக்கு, பாருங்க. எத்தன குடையில மாட்டுக் கயிறு இருக்கும்? இவன் பேரு, பேருன்னு உயிர எடுக்கான்."

மேஸ்திரி மடியிலிருந்த குடையின் பிடியில் மாட்டுக் கயிறு சுற்றியிருந்தது. காலையிலிருந்து நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குடையை வாங்கி ஒரு தடவை விரித்துப் பார்த்து மடக்கினாள். போகவில்லை. அண்ணாச்சிக்கு நேராக நின்று, என்னைக் கண்ணால் காட்டிக் கேட்டாள்:

"அண்ணாச்சி, இந்தப் பையன் இங்கன என்ன வேலை பாக்கான்?"

நான் அண்ணாச்சி வாயையே பார்த்தேன். அந்த வாயில் எந்நேரமும் வெற்றிலை இருக்கும், அன்றைக்கும் இருந்தது. அவர் போலீஸ்காரரைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த சீட்டுகளைப் பார்த்தார். சண்டை வந்துவிட்டது, யாருக்கும் சந்தேகமில்லை. வெளியே எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பேரும் வரிசையும் பாக்குதது அவருதான். கணக்கப்பிள்ளை" என்றார். கொஞ்சம் யோசித்து, "சமயத்துல கொஞ்சம் கூடுதலாப் பாத்துருவாரு" என்றார்.

அவர் என்னை 'அவர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு கேட்டதற்கு, "சண்டை வரிசையினாலயா வந்துச்சு? பேரினாலல்லா வந்துச்சு. நான் வரிசையத்தான சொன்னேன்" என்றார்.

"பாத்தேன்" என்றாள் அந்த அம்மாள். ஓலைக் கொழுவை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டுக் குடையை விரித்தாள். மகள் போகும்போது அலமாரிப் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். திப்பிலி வாடைக்கு ஒரு தும்மல் தும்மிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் அந்தச் சம்பந்தம் முடிந்தது, வேறு இடம் பார் என்று சொன்னேன். அவள் காரணம் கேட்டாள். "பொண்ணோட அம்மாவுக்கு நான் வேற மாப்பிள்ளை பாத்துட்டேன்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வருங்கால மாமியாரை இருபது தடவை 'அக்கா' என்று கூப்பிட்டதையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் குத்துக்கல்வலசையிலிருந்து ஆள் வந்தது. ஆவணியில் நாள் பார்க்கலாமாம்.

ஏன் என்று எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, என் மனைவி சொல்லி. அன்றைக்குக் குடை அவசரமே இல்லையாம். பையனை யாருக்கும் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிட்டு வரத்தான் அம்மாவும் மகளும் கிளம்பியிருக்கிறார்கள். அதனால்தான் ஊரும் சொல்லவில்லை, மகளையும் சொல்ல விடவில்லை. திரும்பிப் போனதும் மாமனார், "பையன் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

"பயந்தாங்கொள்ளி. ஆனா பேரு தெரியாம ஒரு குடையக்கூட வெளிய விடமாட்டான். அவங்கிட்ட ஒண்ண நம்பிக் குடுக்கலாம்" என்றாளாம் அத்தை.

"என் குடையக் குடுத்தானா இல்லையா?" என்றாராம் மாமனார்.

அதற்குப் பிறகு சீட்டில் ஒரு வரி கூட்டினேன்: "வீட்டம்மாள் வந்தால், அடையாளம்." மாட்டுக் கயிறு, நீல ஒட்டு, பிடியில் பல் தடம், இப்படி. பெயர் சொல்ல மாட்டாதவர்கள் அடையாளம் சொல்வார்கள். போலீஸ்காரருக்கும் ஆலங்குளத்திலேயே கல்யாணம் ஆனது. புதுப் பெண்டாட்டியோடு குடை வாங்க வந்தவர், "சீட்டுல பாத்துச் சொல்லுவே, இவ யாரு பொண்டாட்டி?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். அப்பா பெயரை அவ்வளவு சத்தமாகச் சொன்னவள் என் பெயரை இன்றுவரை சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைக் கையால் காட்டுகிறாள்.

ஒரு விஷயம்தான் மிச்சம். அன்று நடந்த களேபரத்தில் கூலியை யாரும் கேட்கவில்லை, அத்தையும் கொடுக்கவில்லை. கூலி வராமல் சீட்டு கழியக் கூடாது என்பது விதி. ஆணியிலும் வேறு சீட்டுக்கு இடம் வேண்டும். ஆகவே அதை மறுபடி ச பெட்டியில் போட்டு, பெட்டியில் இருப்பது வரிசையிலும் இருக்க வேண்டும் என்று கடைசி ஆளாகச் சேர்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரிடம் எந்த வாயால் கேட்பது? ஒவ்வொரு பொங்கலுக்கும் அவரே தொடங்குவார்: "மாப்ளே, அந்தக் குடைக் கூலி ஒண்ணு நிக்குல்லா?" மடியைத் தடவுவார். "அடுத்த வாட்டி பாத்துக்கிடுவோம்." கடைசிவரை தடவிக்கொண்டுதான் இருந்தார்.

அண்ணாச்சி கடையை மூடி அலமாரியை எனக்கே கொடுத்தபோது எல்லாச் சீட்டும் கழிந்து, அந்த ஒன்றுதான் பெட்டியில் கிடந்தது. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. விதிப்படி திருத்தித் திருத்தி எழுதியதில் பென்சில் வரிகள் கறுத்துவிட்டன, ஆனாலும் வாசிக்கலாம். முன்னால்: யாருமில்லை. பின்னால்: யாருமில்லை. இரண்டு கம்பி மாற்றியது. பாக்கி, ஒரு ரூபாய் இருபத்தைந்து நயா பைசா.